இருபதும் தப்பாக எழுதிய வௌவால்

ஒரு காட்டில் ஓர் இசைக்கல்லூரி இருந்தது. காட்டுக்கு எதற்கு இசைக்கல்லூரி என்று கேட்காதீர்கள். கல்லூரி வருவதற்கு முன்னாலும் அங்கே எல்லோரும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு பாடத் தெரியும் என்று எழுதிவைக்க ஓர் அலுவலகம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கல்லூரி வந்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே தரம் பிரிக்கும் தேர்வு. இரண்டு தாள்கள். ஒன்று இசை இலக்கணம். மனப்பாடம் செய்து எழுதலாம். இன்னொன்று செவிப் பயிற்சி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்குவார்கள், அது என்ன ஸ்வரம் என்று கேட்டு எழுத வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து செவி ஒன்று, செவி இரண்டு, செவி மூன்று என்று வகுப்பு பிரிப்பார்கள். செவி ஒன்றில் எது சத்தம், எது சத்தமில்லை என்பதை ஒரு வருஷம் முழுக்கச் சொல்லித்தருவார்கள். செவி மூன்றில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பாட்டமைக்கும் வகுப்பில் இடம்.

அந்த இடத்துக்காகத்தான் சுடர்க்கொடி என்ற வௌவால் வந்திருந்தாள். அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. அத்திமரம் பழுத்த அன்று அவளுக்குத் தோன்றிய பாட்டு, துள்ளிக் குதிக்கும் பாட்டு. ஆனால் வௌவால் பாடுகிற உச்சம் மற்ற விலங்குகளின் காதுக்கு எட்டாது. குளத்தில் கிடந்த செங்கமலம் என்ற எருமையிடம் ஒருமுறை முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள்.

"வாய் மட்டும்தான்டி அசையுது," என்றாள் செங்கமலம். "பசிக்குதா?"

அன்றைக்கு முடிவு செய்தாள் சுடர்க்கொடி. பாட்டை ஸ்வரமாக எழுதிக் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பாடலாமே. எழுதக் கற்றுக்கொடுப்பது பாட்டமைக்கும் வகுப்பில். அதற்குச் செவி மூன்று வேண்டும். காது விஷயத்தில் அவளுக்கு என்ன பயம்? இருட்டில் கொசு திரும்புகிற சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லக்கூடியவள்.

விண்ணப்பத்தில் புகைப்படம் தலைகீழாக இருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அவள் நேராக நின்று, ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, மயங்கி விழுகிற நிலையில் எடுத்த படத்தை ஏற்றுக்கொண்டார்கள். செங்கமலமும் துணைக்கு விண்ணப்பித்தாள். கல்லூரிக்குப் பின்னால் இன்னொரு குளம் இருந்ததுதான் காரணம்.

தேர்வு காலை பத்து மணிக்கு. வௌவாலுக்கு அது நல்ல தூக்க நேரம். இருந்தாலும் வந்து விட்டத்தில் தொங்கினாள். செவிப் பயிற்சித் துறைத் தலைவர் பேராசிரியர் மத்தளராயர், யானை. அந்தப் பதவிக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தவர்களின் காதை எல்லாம் அளவுநாடா வைத்து அளந்தார்கள். இரண்டாவது வந்த முயலுக்கும் அவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு கட்டிலளவு.

ஆர்மோனியத்துக்கு முன்னால் ஒரு திரை கட்டியிருந்தார்கள். திரை ஆர்மோனியத்தை மறைத்தது; யானையை எந்தத் திரை மறைக்கும்? அவர் தலை மேலே தெரிந்தது. ஓரத்தில் சுருதிப்பெட்டி 'ச' என்று ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஸ்வரம் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அவர் துதிக்கை நுனியால் ஒவ்வொரு கட்டையாக அமுக்கினார். இருபது கேள்வி.

சுடர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். சுருதிப்பெட்டி கேட்டது. ஆர்மோனியம் கேட்டது. ஆர்மோனியத்துக்குள் எதையோ யாரோ மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. எழுதினாள்: ம, ப, த, மறுபடி ம. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

முடிவு பலகையில் ஒட்டப்பட்டது. சுடர்க்கொடி, இலக்கணம் தொண்ணூற்றாறு, செவி பூஜ்ஜியம். வகுப்பு: செவி ஒன்று. செங்கமலம், இலக்கணம் பதினொன்று, செவி நூறு. வகுப்பு: செவி மூன்று.

"ஏய், நீ எப்படிடீ?" என்று கேட்டாள் சுடர்க்கொடி. "நீ பரீட்சை முழுக்கக் காதுக்குள்ள சேறு வச்சிட்டு இருந்த!"

"கேட்டு யாரு எழுதினா? அந்த ஆளு அமுக்கும்போது ஒவ்வொண்ணையும் சத்தமில்லாம வாய்க்குள்ள சொல்லிக்கிறாரு. நான் வாயைப் பார்த்து எழுதினேன். எல்லாருமே அப்படித்தான் எழுதினாங்க. நீ ஏன்டி கண்ணை மூடுன?"

"செவிப் பயிற்சின்னு போட்டிருந்தாங்களே!"

"அப்படி எல்லாத்தையும் வாசிச்சு நம்புவியா நீ?"

சுடர்க்கொடி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கண்காணிப்பாளர் கவசமூர்த்தி இருந்தார். ஆமை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி.

"சார், இருபதும் தப்பா?"

"இருபதும் தப்பு."

"நீங்களே பாருங்க சார். 'க'ன்னு உங்க விடைத்தாள்ல இருக்கிற இடத்துல எல்லாம் நான் 'ம'ன்னு எழுதியிருக்கேன். 'ம' இருக்கிற இடத்துல 'ப'. 'ப' இருக்கிற இடத்துல 'த'. எல்லாமே சரியா ஒண்ணு தள்ளி. தெரியாதவ எழுதினா இப்படி வருமா? கண்ணை மூடிட்டுக் குத்துமதிப்பா எழுதினாக்கூட ஏழுல ஒண்ணு தேறும். இருபதும் தப்பா வரணும்னா இருபதும் தெரிஞ்சிருக்கணும் சார்!"

கவசமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். இது ஆமைகளுக்கு ஒரு வசதி. மற்ற அலுவலர்கள் இதற்காக எழுந்துபோய் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "மேல்முறையீட்டுப் படிவம், மூன்று நகல். கேட்கும் திறன் உள்ளவர் என்று செவி மூன்று மாணவர் ஒருவர் கையெழுத்துப் போடணும்."

ஆகவே, காதில் சேறு வைத்திருந்த எருமை, கொசு திரும்புவது கேட்கும் வௌவாலுக்குக் காது கேட்கும் என்று மூன்று நகலில் கையெழுத்துப் போட்டாள். எங்கே போடணும் என்று நான்கு முறை "ஆங்? ஆங்?" என்று கேட்டுப் போட்டாள்.

ஒன்பது நாள் கழித்துக் குழு கூடியது. குழு என்றால் யானையும் ஆமையும்தான்.

"ஏம்மா," என்றார் மத்தளராயர், "என் காது எவ்வளவு அகலம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் ஐயா. நாலு பேர் படுக்கலாம். ஆனா நான் அகலத்தைப் பத்திப் பேசல. உங்க ஆர்மோனியத்துல சீட்டு எல்லாம் ஒரு கட்டை தள்ளி ஒட்டியிருக்கு. 'ச'ன்னு எழுதியிருக்கிற கட்டையில 'ரி' கேக்குது. சுருதிப்பெட்டியைப் போட்டுப் பாருங்க. உள்ள வேற யாரோ எதையோ மெல்றாங்க."

ஆர்மோனியத்தைத் திறந்தார்கள். உள்ளே முதல் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. இரண்டாவது கட்டையின் மேல் ஒரு கரையான் உட்கார்ந்திருந்தது.

"ச ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றது கரையான். "எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலயே தீர்ந்துபோச்சு. இப்போ ரி ஆரம்பிச்சிருக்கோம்."

கவசமூர்த்தி கழுத்தை மெதுவாக நீட்டினார். "நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஸ்வரம் எழுதின சீட்டுகளைக் கொடுத்து ஒட்டச் சொன்னாங்க. முதல் கட்டை இல்ல. இல்லாத கட்டையில எப்படி ஒட்டுறது? இருக்கிற கட்டையில இருந்து ஆரம்பிச்சேன். கடைசி வரைக்கும் வரிசை தப்பாம ஒட்டினேன்."

நியாயமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் முடிந்திருக்கும். சாட்சி இருக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் இருக்கிறார். சீட்டுகளைப் பிய்த்து ஒரு கட்டை தள்ளி ஒட்டினால் தீர்ந்தது. அரைமணி நேர வேலை, கொஞ்சம் பசை. சுடர்க்கொடி பசைகூடக் கொண்டுவந்திருந்தாள்.

"மாத்தலாம்," என்றார் கவசமூர்த்தி. "மாத்தினா, இருபத்திரண்டு வருஷமா செவி மூன்று வாங்கினவங்க எல்லாம் தப்பா வாங்கினவங்க ஆயிடுவாங்க. எல்லாருக்கும் மறுதேர்வு வைக்கணும். முதல் வருஷம் பட்டம் வாங்கினவர்ல இருந்து ஆரம்பிக்கணும்." சொல்லிவிட்டு மத்தளராயரைப் பார்த்தார்.

மத்தளராயரின் காதுகள் ஆடுவதை நிறுத்தின. முதல் வருஷம் பட்டம் வாங்கியது அவர்தான்.

"சீட்டு எல்லாம் ரொம்ப அழகா ஒட்டியிருக்கு," என்றார்.

"ஐயா!" என்றாள் சுடர்க்கொடி.

"கோபப்படாதம்மா. உனக்குக் காது நல்லாவே கேக்குது, ஒத்துக்கிறோம். இன்னும் சொல்லப்போனா, ஒரு ஸ்வரம் அதிகமாக் கேக்குது. அதைச் சரிபண்ணத்தானே பயிற்சி?"

கவசமூர்த்தி அதற்குள் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துவிட்டார். ஆமை வேகம் என்பவர்கள் ஓர் ஆமை தன் தவறை மூடிமறைக்கிற வேகத்தைப் பார்த்ததில்லை. அதில் எழுதியிருந்தது: 'இனி நான் தேர்வுகளில், காதில் கேட்பதிலிருந்து ஒன்றைக் கழித்து எழுதுவேன்.' கீழே கையெழுத்துப் போட்டால் செவி மூன்று. போடாவிட்டால் செவி ஒன்று; நாளை முதல் பாடம், சத்தம் என்றால் என்ன.

"அடுத்த வருஷம் கரையான் ரி-யையும் முடிச்சிரும்," என்று கவசமூர்த்தி சேர்த்துக்கொண்டார். "அப்போ சீட்டையெல்லாம் இன்னொரு கட்டை தள்ளி ஒட்டுவோம், இரண்டு கழிக்கணும். அதுக்குத் தனியா சுற்றறிக்கை வரும்."

அவள் கத்தியிருக்க வேண்டும். பத்திரத்தைக் கிழித்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தலைக்குள் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, அது யாருக்கும் கேட்காமல் வருஷக்கணக்காகத் தொங்கிப் பாருங்கள். சுடர்க்கொடி கையெழுத்துப் போட்டாள். போடும்போது ஒரு விஷயத்தைக் கவனித்துவைத்தாள்: 'தேர்வுகளில்' என்றுதான் இருந்தது. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அதன்பிறகு எல்லாத் தேர்விலும் 'ம' கேட்டால் 'க' என்று எழுதினாள். நூற்றுக்கு நூறு. "பயிற்சி வேலை செய்யுது," என்று மத்தளராயர் மகிழ்ந்தார்.

பாட்டமைக்கும் வகுப்பில் மற்ற மாணவர்கள் ஆர்மோனியத்தைத் தட்டித் தட்டிப் பாட்டு அமைத்தார்கள். காதுக்கு நன்றாக இருந்தால் அந்தக் கட்டையில் என்ன சீட்டு இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டார்கள். அதனால் சீட்டுத் தப்பு யாருக்கும் தெரியாமலே போனது. சுடர்க்கொடி மட்டும் ஆர்மோனியத்தைத் தொடவில்லை. தலைக்குள் கேட்ட பாட்டை, கேட்டது கேட்டபடி எழுதினாள். எதையும் கழிக்கவில்லை.

"இதுலயும் ஒண்ணு கழிச்சு எழுதித் தொலையேன்டி," என்றாள் செங்கமலம்.

"மாட்டேன். பரீட்சைக்குத்தான் பொய். பாட்டுக்கு உண்மை."

"ஆங்?" என்றாள் செங்கமலம்.

ஆண்டு விழா வந்தது. சுடர்க்கொடியின் பாட்டைக் கேட்கக் காடே கூடியது. தாளைப் பார்த்து ஆர்மோனியம் வாசித்தவர் மத்தளராயர். ஆர்மோனியத்தைப் பின்தொடர்ந்து கூட்டிசைக் குழு பாடியது.

ஒரு கட்டை தள்ளினால் பாட்டு மொத்தமும் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சீட்டு ஒட்டிய கட்டைகளுக்குள் ஸ்வர இடைவெளி எல்லாம் ஒரே அளவு கிடையாது. ஒரு கட்டை தள்ளி ஆரம்பித்தால் நீளமாக இருக்க வேண்டிய இடம் குறுகும், குறுக வேண்டிய இடம் நீளும். பாட்டின் முகமே மாறிவிடும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பின பாட்டு இழவு வீட்டில் போய் இறங்கும்.

அப்படித்தான் இறங்கியது. முதல் வரியிலேயே மான் ஒன்று விசும்பியது.

*பழுத்ததெல்லாம் விழுகுதே, வாங்க வாங்க,*
*ஒருத்தர் விடாம எல்லாரும் வாங்க!*

அத்திப்பழம் தின்ன வரச்சொல்லி எழுதின வரி. ஆர்மோனியம் இழுத்த இழுப்பில் அது எமன் வாசலில் நின்று அழைப்பதுபோலக் கேட்டது. கரடி வாய்விட்டு அழுதது. சிங்கம் பிடரிமயிரால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. செங்கமலம்கூட அழுதாள், அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் முகத்தையும் பார்த்து அழுதாள்.

விட்டத்தில் தொங்கிய சுடர்க்கொடி மட்டும் வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள்.

முதல் பரிசு அவளுக்குத்தான். அந்தப் பாட்டைக் காட்டின் அதிகாரபூர்வ இரங்கல் பாட்டாக அன்றைக்கே அறிவித்தார்கள். மத்தளராயர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். சால்வை தலைகீழாக நழுவி விழுந்தது.

"இத்தனை சின்ன வயசுல இத்தனை துக்கம் எங்கேயிருந்தும்மா வந்தது உனக்கு?"

"உங்க ஆர்மோனியத்துல இருந்து ஐயா."

"ஆகா!" என்றார் மத்தளராயர், கண்ணீரோடு. "எவ்வளவு பணிவு!"

இன்றைக்கும் அந்தக் காட்டில் யார் செத்தாலும் அத்திப்பழப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். எல்லோருக்கும் மனப்பாடம். அவள் ஆசைப்பட்டதும் அதுதானே? கரையான் ரி-யைத் தின்று முடித்துவிட்டதாகக் கேள்வி. சுற்றறிக்கை வந்துவிட்டது.

நீதி: கூர்மையான காது உள்ளவர்கள் கேட்பதில் ஒன்றைக் கழித்து எழுதப் பழகவும். கழிக்க மனமில்லாதவர்கள் இழவு வீட்டுக்குப் பாட்டு எழுதலாம்; அங்கே வாய்ப்புக்குக் குறைவே இல்லை.