சத்தமில்லாமல் கிளம்புவது எப்படி

மனைவி விழிப்பதற்குள் காரைக் கிளப்பிவிட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு என் வாழ்க்கை லட்சியமே இவ்வளவுதான்.

சர்க்கரை ஏறிவிட்டது, எடையும் ஏறிவிட்டது, தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் நடக்கச் சொன்னார், நான் நடிக்கப் போனேன். ஓர் எழுத்துதானே வித்தியாசம். கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு காரில் பூங்காவுக்குப் போவேன். மரத்தடியில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, ஒரு மணி நேரம் தூங்குவேன். திரும்பும்போது பாட்டில் தண்ணீரைச் சட்டையில் தெளித்துக்கொண்டால் வியர்வை தயார். நடந்தே போய்ப் பூங்கா பெஞ்சில் படுக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு நடக்க வேண்டுமே.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். "நடக்காம ஏமாத்தினீங்கன்னு தெரிஞ்சா, மூணு மாசம் எங்கண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். மச்சான் போலீஸில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய விசில் இன்னும் வேலை பார்க்கிறது. அந்த வீட்டில் பல் தேய்க்கக்கூட வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டு வாரம் நிம்மதியாக ஓடியது. மூன்றாவது வாரம் கார் வாயைத் திறந்தது. சாவியைத் திருப்பினால் கர்ர்... கர்ர்... கர்ர்... என்று ஊருக்கே கேட்கும்படி இழுத்துவிட்டுத்தான் கிளம்பியது. ஷெட்டை ஒட்டித்தான் எங்கள் படுக்கையறை ஜன்னல். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் காபி வந்தது. கூடவே கேள்வியும் வந்தது.

"விடியக்காலம் என்னங்க சத்தம்?"

"தொண்டையைச் செருமினேன்."

"பன்னெண்டு செகண்டா?"

"சளி கட்டியிருக்கு."

அவள் கணக்கு டீச்சர். எதையும் எண்ணாமல் விடமாட்டாள். எட்டு மணிக்கு அதே காரில்தான் பள்ளிக்கூடம் போவாள். வண்டியின் முன்பக்க மூடியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்ஜின் சூடா இருக்கே."

"வெயில்."

"ஷெட்டுக்குள்ள ஏதுங்க வெயில்?"

"அதான், வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கிடுது."

அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், இப்படித் தலையாட்டினால்தான் எனக்கு ஆபத்து.

அன்று சாயங்காலமே ரகசியமாக மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"எப்ப சார் மக்கர் பண்ணுது? சூடா இருக்கும்போதா, ஆறினப்புறமா?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு."

"அந்நேரத்துல எங்க சார் போறீங்க?"

"வாக்கிங்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். இரண்டும் நன்றாக இருந்தன. பிறகு பெட்ரோல் போகும் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினார். இன்ஜினை அணைத்ததும் முள் சரசரவென்று இறங்கியது.

"பாத்தீங்களா? வண்டி நின்னாலும் குழாய்ல பெட்ரோல் அழுத்தமா நிக்கணும் சார். பம்புக்குள்ள இருக்கிற வால்வு தேஞ்சு போச்சு. ராத்திரிக்குள்ள பெட்ரோல் எல்லாம் டேங்குக்கே திரும்பிடுது. காலையில பம்பு முதல்லேர்ந்து இழுக்கணும்."

"வெளிய கிளம்பின பெட்ரோல் பயந்துபோய் வீட்டுக்கே ஓடிடுதுன்னு சொல்றீங்க."

"ஆமா சார், கல்யாணம் ஆன பெட்ரோல். புது பம்புக்குச் சொல்லிவிடறேன், ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம் என்ன செய்வது? மறுநாள் காலை கியரை நியூட்ரலில் போட்டேன். ஜன்னல் வழியே ஒரு கையால் ஸ்டியரிங், தோளால் கதவுச் சட்டம். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். அத்தனையையும் தாண்டித் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கிளப்பினேன். திரும்பும்போதும் அதே முனையில் அணைத்துவிட்டு வீடு வரை தள்ளினேன். ஏதாவது ஒரு வீட்டில் விளக்கு எரிந்தாலும் உயிர் போய் உயிர் வந்தது.

எதிர்வீட்டு வக்கீல் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"வண்டி ரிப்பேரா சார்?"

"இல்லீங்க, அதுக்கு இருட்டுன்னா பயம். துணைக்குக் கூட நடக்கறேன்."

பம்பு வந்தபாடில்லை. கப்பலில் இருக்கிறது என்றார் மெக்கானிக். அடுத்த வாரம் துறைமுகத்தில் என்றார். அதற்கடுத்த வாரம் லாரியில் என்றார். நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். பாட்டில் தண்ணீருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

மூன்றாவது மாதம் டாக்டரிடம் போனோம். ஆறு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டர் என் தோளை அமுக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நடந்தா காலுதான் இறுகும். உங்களுக்குத் தோள் இறுகியிருக்கே."

கையை வீசிக் காட்டினேன்.

"கையை... நல்லா வீசி நடப்பேன் டாக்டர்."

"ஆமா டாக்டர்" என்றாள் மனைவி. "வேகமா நடப்பார். எதையோ துரத்தற மாதிரி."

அன்றிரவு எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கர்ர்... கர்ர்... ஜன்னலை யாரோ விரலால் தட்டினார்கள். கொண்டை போட்டு, சால்வை போர்த்தி, அவள் நின்றிருந்தாள்.

"தள்ளி உட்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். அவள் ஏறினாள். சாவியை முழுசாகத் திருப்பவில்லை. பாதி திருப்பி, இரண்டு எண்ணி, அணைத்தாள். பின்பக்கம் 'ம்ம்ம்' என்று பம்பு முனகியது. இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை முழுசாகத் திருப்பினாள். வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது.

"இப்படிப் பண்ணினா அழுத்தம் ஏறிடும். நீங்க தள்ள ஆரம்பிச்ச அன்னைக்கே நான் மெக்கானிக்கிட்ட போனேன், எனக்கு அப்பவே சொல்லித் தந்துட்டார். உங்களுக்கும் சொல்றேன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அப்ப புது பம்பு?"

"அது ரெண்டு மாசமா அவர் கடையிலதான் இருக்கு."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாள் சத்தம் போட்டீங்க, எழுந்துட்டேன். மறுநாள் நீங்க தள்ளறதை ஜன்னல்ல நின்னு பாத்தேன். இத்தனை வருஷத்துல உங்க உடம்பு வளைஞ்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். அதைப் போய் யாராவது தடுப்பாங்களா? எங்கப்பாவைச் சர்க்கரைதான் கொண்டுபோச்சு. எனக்கும் பயம் இருக்காதா?"

தொண்டையைச் செருமினேன். இந்தத் தடவை நிஜமாகவே. ஆனாலும் பயம் விடவில்லை.

"உங்கண்ணன் வீட்டுக்கு அனுப்பிட மாட்டியே?"

"உங்களை அங்க அனுப்பிட்டா வண்டியை யாருங்க தள்ளறது?" என்று சாவியைத் திருப்பி அணைத்தாள். "டாக்டர் இன்னும் அஞ்சு கிலோ இறங்கணும்னார். இறங்குங்க."

"இறங்கி?"

"வீடு வரைக்கும் தள்ளுங்க. இன்னைலேர்ந்து நான் உள்ள உட்கார்ந்துக்கறேன்."