பெர்மனென்ட் லேப்டாப்பும் கான்ட்ராக்ட் லேப்டாப்பும்

அடுத்த வீட்டுக்காரர் வாங்கப்போகும் பொருளில் மூக்கை நுழைக்காவிட்டால் சோறு இறங்காத பிறவிகள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு ஒருவர் வீதம் உண்டு. எங்கள் பிளாக்குக்கு வாய்த்தவர் பன்னீர்செல்வம்.

மிக்ஸி, வாஷிங் மெஷின், மாப்பிள்ளை, எதுவானாலும் அவரைத் தாண்டித்தான் குவார்ட்டர்ஸுக்குள் நுழைய வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வரும்வரை நிற்கிறீர்களே, அந்த நேரம் அவருக்குப் போதும். அவர் வீட்டு லேப்டாப் எப்படி என்கிறீர்களா? வாங்கிய நாளில் போட்ட பாலிதீன் உறையோடு பீரோ மேல் இருக்கிறது. தூசி படியக் கூடாதாம்.

போன மாதம் பவுல்ராஜ் மாட்டினார். மைன்ஸில் பம்ப் பார்ப்பவர், சாது. மகள் மெர்லினுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. திறப்பதற்குள் லேப்டாப் வேண்டும். படிப்பு முடியும்வரை இந்த ஒன்றுதான், இன்னொன்று வாங்க வழியில்லை. கடையில் இரண்டைக் காட்டியிருந்தார்கள். ஒன்று, நெட் வழியாகவே எல்லா வேலையும் பார்க்கிற மெலிசு. வெளி சாஃப்ட்வேர் எதையும் அதில் ஏற்ற முடியாது. மற்றது, வேண்டியதையெல்லாம் ஏற்றிக்கொள்கிற பழைய மாதிரி கனம். எதை வாங்குவது என்று பஸ் ஸ்டாப்பில் வாயைவிட்டுவிட்டார் மனுஷர்.

பன்னீர்செல்வத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இன்க்ரிமென்ட் வந்த மாதிரி.

"பவுலு, மெலிசு இருக்குதே, அது கான்ட்ராக்ட் லேபர். நெட்டுன்னு ஒரு கேட் பாஸ் இருந்தாத்தான் உள்ள வந்து வேலை செய்யும். பாஸ் இல்லன்னா கேட்டுக்கு வெளிய நின்னுகினு இருக்கும். கனமா இருக்கறது பெர்மனென்ட். பாஸு கீஸுன்னு ஒரு தொல்லை இல்ல. அதையே எடு."

வரிசையே தலையாட்டியது. இந்த ஊரில் பெர்மனென்ட் என்ற வார்த்தைக்கு மேல் என்ன பேச்சு இருக்கிறது? பவுல்ராஜ் நிம்மதியாக ஷிஃப்டுக்குப் போனார்.

அதோடு விட்டால் அவர் பன்னீர்செல்வமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து குடும்பத்தோடு வந்த பவுல்ராஜை வாசலிலேயே மடக்கினார். மச்சான் வீட்டில் ஒரு மெலிசைக் கையில் தூக்கிப் பார்த்தாராம்.

"யோசிச்சிகினே இருந்தேன் பவுலு. நம்ம செக்ஷன்ல பெர்மனென்ட் எவனாவது வேலை செய்யறானா? ஸ்டார்ட் ஆவவே நேரம் பண்ணுவான், சூடாவான், சத்தம் போடுவான். மொத்த வேலையும் கான்ட்ராக்ட்டுதான செய்யுது. மெலிசையே எடு."

"அன்னிக்கு வேற சொன்னீங்களேண்ணே?"

"அது அன்னிக்கு."

பக்கத்தில் நின்ற மெர்லின், "அங்கிள், எங்க காலேஜுல வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்ல. நீ உள்ள போம்மா" என்றார் பன்னீர்செல்வம். அப்பாவும், "சும்மா இரு பாப்பா" என்றார். மறுநாள் மெலிசு வந்து சேர்ந்தது.

மெர்லின் சேர்ந்தது சிவில் இன்ஜினியரிங். முதல் வாரமே, கட்டடப் படம் வரைகிற சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். மெலிசு மாட்டேன் என்றுவிட்டது. இப்போது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, அவள் லேப்டாப்பை இரவல் வாங்கி வரைகிறாள். வரைந்து முடித்து இவள் மெஸ்ஸுக்குப் போகும்போது குழம்பு இருந்தால் சோறு இருப்பதில்லை. நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நாலு வருஷம் ஓட்ட வேண்டுமே அந்தப் பெண்.

சேதி பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது பன்னீர்செல்வம் அசரவில்லை. "பெர்மனென்ட்ட எடுன்னு அன்னிக்கே தலைப்பாடா அடிச்சிக்கினேனா இல்லியா?" என்றார். சொன்னார்தான். வரிசையே சாட்சி.

சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, மெலிசா கனமா என்று நீங்களும் மனசுக்குள் ஒரு பக்கம் சாய்ந்தீர்கள்தானே? அந்தப் பெண் என்ன படிக்கப்போகிறாள் என்று அப்போது கேட்கத் தோன்றியதா? பரவாயில்லை, வருத்தப்படாதீர்கள். பன்னீர்செல்வம் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்துக்கு உங்களைப் பெர்மனென்ட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.