மகளிர் குரூப்பில் ஒரு மைக்

தொழிற்சங்கத் தலைவர் கங்கப்பனின் குரலை எந்த நிர்வாகமும் அடக்கியதில்லை. லாக்கவுட் போட்டுப் பார்த்தார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள், பேரமும் பேசினார்கள். ஓசூர் சிப்காட்டில் அவர் தொண்டையைக் கனைத்தால் கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். அப்பேர்ப்பட்டவரைப் போன மே தினத்தில் ஒருத்தி வீழ்த்திவிட்டாள். மகளிர் அணிச் செயலாளர். பெயர் செல்லி. அவர் மனைவி.

செல்லி பேசி முடித்தபோது கூட்டத்திடம் கைதட்டல் மிச்சமில்லை. சிறப்புரை ஆற்ற எழுந்த கங்கப்பனுக்குக் கிடைத்ததெல்லாம் கொட்டாவி.

இந்த வருஷம் அது நடக்காது. மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, சங்கம் புது டிஜிட்டல் மிக்ஸர் வாங்கியிருந்தது. டேப்லெட்டில் விரலால் இழுத்தே இயக்கலாம். கங்கப்பன் மகளிர் அணி மைக்குகளை எல்லாம் ஒரே குரூப்பில் போட்டார். குரூப்புக்கு ஒரே ஃபேடர். அதை இறக்கினால் அத்தனை மைக்கும் மௌனம். தன் மைக்கை மட்டும் எந்தக் குரூப்பிலும் சேர்க்காமல் நேராக மெயினுக்கு விட்டார். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று தீர்மானமும் போட்டாயிற்று.

மேடை கட்டும்போதே வந்த செல்லி, டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, எங்க மைக்கெல்லாம் ஒரே பட்டியில அடைச்சிட்டீங்க?"

"அது குரூப்பு. சவுண்டு சீரா வரும்."

"உங்க மைக்கு?"

"அது நேரா மெயினு."

"அப்ப நாங்கல்லாம் மேஸ்திரிக்குக் கீழ கான்ட்ராக்ட்டு, நீங்க மட்டும் பர்மனென்ட்டா?"

தோழர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கான்ட்ராக்ட் முறையை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவரிடம் கேட்கிற கேள்வியா இது? கங்கப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரைப் பாத்து கேக்கற? இந்தா!" தன் மைக்கை மெயினிலிருந்து எடுத்து மகளிர் குரூப்பில் போட்டார். "போதுமா?"

"போதுங்க" என்றாள் செல்லி, ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் செல்லி மைக்கைப் பிடித்தாள். "தோழர்களே! எங்க வூட்டுக்காரரு தன் மைக்கையும் எங்க குரூப்புலயே சேத்துட்டாரு. எங்க வாயை மூடினா அவரு வாயும் மூடிக்கும்!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. கங்கப்பனின் மார்பு விரிந்தது. எழுந்து கும்பிடப் போனார். கையில் டேப்லெட்.

"தோழர் நல்லா கும்பிடட்டும். காவேரி, அதை வாங்கி வெச்சுக்க."

அணித் துணைச் செயலாளர் காவேரி வாங்கிக்கொண்டாள்.

"ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு தீர்மானம். எங்க அணி ஆளுங்க எல்லாரும் அவங்கவங்க நேரத்தை எனக்கே குடுத்துட்டாங்க" என்று தொடங்கினாள் செல்லி. பாகலூர் பஸ் நின்று கேட்டுவிட்டுப் போனது.

பிறகு கங்கப்பன் எழுந்தார். சங்க வரலாற்றை ஆரம்பத்திலிருந்து எடுத்தார். முதல் லாக்கவுட்டை எட்டுவதற்குள் குரல் நின்றது. வாய் அசைந்தது, ஸ்பீக்கர் அசையவில்லை. திரும்பினார். காவேரியின் விரல் ஃபேடரின் அடிமட்டத்தில் இருந்தது.

குரூப் மொத்தமும் மௌனம்தான். ஆனால் செல்லிக்கு மைக் எதற்கு?

"அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுங்க!" கடைசி வரிசை வரை கேட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

கங்கப்பன் பக்கத்திலிருந்த பொருளாளர் முனிவேலிடம் பெருமையாகச் சொன்னார்: "அவளுக்கு கோஷம் போடக் கத்துக்குடுத்ததே நான்தான்யா."

கைதட்டலில் முனிவேலுக்கு அது கேட்கவில்லை.