அரிய இசைச்சுவடிப் பிரிவும் எர்சிலியாவின் கடைசிப் பாட்டும்

இத்தாலியில் பார்மா நகருக்கு அடுத்த எங்கள் ஊர் நூலகத்தில் ‘அரிய இசைச்சுவடிப் பிரிவு’ என்று ஒன்று உண்டு. பழைய ஓபரா இசைநாடகங்களின் ஸ்வரத்தாள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் யாரும் தொட்டுவிடாமல் காப்பது அதன் திருப்பணி. அதன் வாசலில் முப்பத்தோரு வருஷம் நாற்காலி தேய்த்தவன் நான். ஆகவே இது முழுக்க உண்மை.

ஒரு செவ்வாய்க்கிழமை எர்சிலியா வந்தாள். இருபது வருஷம் கூட்டுப்பாட்டில் பின்வரிசையில் நின்றவளுக்கு முதல் தடவையாகக் கதாநாயகி வேஷம். சனிக்கிழமை அரங்கேற்றம். நாயகி சாகும்போது பாடும் கடைசிப் பாட்டு எங்கள் அலமாரியில் மட்டும்தான் இருந்தது. அது இல்லையென்றால் நாடகம் ரத்து. அவள் மறுபடி பின்வரிசை.

“ஒரு நகல் எடுத்துக்கறேன் ஐயா,” என்றாள்.

பிரிவுத் தலைவர் கவுதென்சியோ பதறிவிட்டார். “நகல் எடுத்தா ரெண்டாயிடும்மா! ரெண்டு இருந்தா அது எப்படி அரிய சுவடி? பிரிவையே மூடிடுவாங்க.”

“சரி, பார்த்துட்டாவது போறேன்.”

“ஸ்வரம் படிக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பக் கூடாது. மனசுலயே நகல் எடுத்துடுவீங்க. படிக்கத் தெரியாதவங்க தாராளமாப் பார்க்கலாம், விதி பதினாலு. எனக்குத் தெரியாதுங்கறதாலதான் இந்தப் பதவியே குடுத்தாங்க.”

“அதானே! உங்க மூஞ்சிக்குப் பாட்டு எங்க வரும்!”

எங்கள் ஊர் ஆம்பிளையை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பாட வராது என்று மட்டும் சொல்லக் கூடாது. சவரம் பண்ணும்போது பாடாதவன் இங்கே கிடையாது. கவுதென்சியோ சிவந்தார். வெள்ளைக் கையுறை மாட்டி, அலமாரியைத் திறந்து, அந்தப் பக்கத்தைத் தன் கறுப்புக் கோட்டு நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, “கேட்டுக்கோ!” என்று ஆரம்பித்தார். கறுப்புப் புள்ளி மேலே இருந்தால் குரல் மேலே, கீழே இருந்தால் கீழே. எர்சிலியா மளமளவென்று எழுதிக்கொண்டாள். அதிகாரி பாடியதை எழுதக் கூடாது என்று விதி இல்லை. பிற்பாடு நாங்களும் தேடிப் பார்த்தோம்.

சனிக்கிழமை, அரை ஸ்வரம் பிசகினாலும் விசிலடித்து விரட்டுகிற அரங்கத்து மேல்மாடிக் கும்பல் குமுறிக் குமுறி அழுதது. “முப்பாட்டன் கேட்ட அசல் பாட்டு இதுதான்டா!” ஏழு தடவை பாடச் சொன்னோம். ஏழு தடவையும் செத்தாள், மகராசி.

அடுத்த மாதம் போலோஞா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

“ஐயா, இந்தப் பக்கத்துல மை எப்பவோ வெளுத்துப் போச்சு. நீங்க பாடினது பூச்சி அரிச்ச ஓட்டைங்க.”

ஏழு பேர் கொண்ட குழு ஆழ்ந்து பரிசீலித்து, மேற்படி ஓட்டைகளுக்கு உலகில் வேறு பிரதி இல்லாத காரணத்தால் அவை அரியதிலும் அரியவை என்று தீர்மானித்தது. பூச்சி மருந்தடிக்க வந்தவர்கள், படைப்புப் பணிக்கு இடையூறு என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இப்போது அந்தப் பூச்சியின் வாரிசுகள் இரண்டாம் அங்கத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன. எர்சிலியாதான் கதாநாயகி. டிக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒத்திகை கேட்டுவிட்டு வந்த மேல்மாடிக் கும்பல் மட்டும், நானும் சேர்த்துத்தான், உதட்டைப் பிதுக்குகிறோம்:

“என்ன இருந்தாலும் பழைய பூச்சி மாதிரி வராதுப்பா.”