கூட்டம் அலைமோதிய கல்யாணம்

வாய் இருந்தால் போதும், வானொலி நிலையம் நடத்திவிடலாம் என்று நம்பிய காலம் ஒன்று எனக்கு இருந்தது. அந்த நம்பிக்கையால் அவமானப்பட்டவன் நான் மட்டும் என்றால் பரவாயில்லை. என் அக்காவும் பட்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். பூவிருந்தவல்லிப் பூங்காவில் ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் போட்டியாக நான் கடைத்தெருவில் ஒரு நிலையம் நடத்தினேன். நிலையம் என்றால் ஒரு மைக், சத்தத்தைப் பெரிதாக்க ஒரு பழைய பெட்டி, லாரி பேட்டரி, என் சிநேகிதன் கோபாலின் சைக்கிள் கடைக் கூரைமேல் ஒரு தகரக் குழாய். அவ்வளவுதான். (நிலைய அதிபர், அறிவிப்பாளர், கம்பி இழுக்கிற ஆள் எல்லாம் நானே.)

பட்டணத்துப் பாட்டு எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் பூங்கா ரேடியோவில் கடலை வறுக்கிற சத்தமாகிவிடும். என்னுடையது கம்பி வழியாக வருவதால் கணீரென்று இருக்கும். தவிர, இன்றைக்கு மல்லி என்ன விலை, ஏரி மதகை எப்போது திறக்கிறார்கள், யார் வீட்டு மாட்டைக் காணோம் என்பதெல்லாம் பட்டணத்து நிலையத்துக்குத் தெரியுமா? கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அந்தச் சமயம் பார்த்துப் பூங்கா ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாதஸ்வரக் கச்சேரி வர ஆரம்பித்தது. கரகரத்தாலும் நாதஸ்வரம் நாதஸ்வரம்தானே. என் கூட்டம் பாதியாகிவிட்டது. நான் சாப்பாடு இறங்காமல் திரிந்துகொண்டிருந்தபோது, தனம் அக்காவுக்குத் திருமழிசையில் வரன் அமைந்து, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் என்று நைனா சொன்னார். வீட்டில் எல்லோரும் பந்தலையும் பந்தியையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். நானோ, நாதஸ்வரம் நம் வாசலுக்கே வருகிறதே என்று துள்ளினேன்.

கல்யாணப் பந்தலிலிருந்து கடைத்தெருவரை மரம் மரமாகக் கம்பி இழுத்தேன். இருந்த இடத்திலிருந்தே கல்யாணம் கேட்கலாம் என்று குழாயில் முழங்கினேன். முகூர்த்தத்தன்று காலையில் அட்சதைத் தாம்பாளத்தையே தூக்கிக் கோபாலிடம் கொடுத்தேன். கெட்டிமேளம் கேட்டதும் கடைத்தெரு ஜனங்கள் குழாயைப் பார்த்து அட்சதை போட வேண்டும் என்பது திட்டம். (இந்த யோசனை பட்டணத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.)

திருமழிசையிலிருந்து சம்பந்தி வீட்டார் வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். மைக்கும் கையுமாகப் பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்தேன். நாதஸ்வரம் ஆரம்பித்தது. பந்தலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. கடைத்தெருவில் கொஞ்சம் கேட்டுவிட்டு இங்கே கிளம்பி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலிப் பந்தல் என்று ஒரு நிலையத்தில் சொல்லலாமா? கேட்கிறவன் எழுந்து பூங்காவுக்குப் போய்விட மாட்டானா?

"நேயர்களே, கூட்டம் அலைமோதுகிறது" என்றேன்.

யாரும் வரவில்லை. நேரம் ஆக ஆக இன்னும் ஜோடித்தேன். பாயில் இடமில்லை என்றேன். ஜனங்கள் தெருவில் நிற்கிறார்கள் என்றேன். அந்த நேரத்தில் குளித்து உடுத்திக் கடைத்தெருவிலிருந்து கிளம்பத் தயாராக இருந்தவர்கள், "அம்மாம் கூட்டமா? மெதுவா போலாம்" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதைக் கோபால் பிற்பாடுதான் சொன்னான்.

சம்பந்தி எழுந்தார்.

"இன்னா சம்பந்தி, ஒரு ஆளு வரல. ஊரே உங்கள ஒதுக்கி வெச்சிகீதா? அத மறைச்சிட்டு எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?"

நைனா கையைப் பிசைந்தார். "அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஊடு ஊடா நானே போய்க் கூப்டேன்."

"கூப்டும் வரலைன்னா இன்னா அர்த்தம்? இதுல உங்க புள்ள மைக்க வெச்சிகினு நக்கல் பண்றான்." அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "எழுந்திருடா."

மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை யாரிடமும் கைநீட்டிப் பார்த்திராத மனுஷர். மணையில் இருந்த அக்கா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். காலையிலிருந்து நான் அளந்ததையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

"டேய் சாமி," என்றாள் மெதுவாக. "இருக்கறத சொல்லுடா."

நாதஸ்வரக்காரருக்குக் கையைக் காட்டி நிறுத்தினேன். உதடு மைக்கில் இடித்தது.

"பந்தல் காலி" என்றேன். அதற்குமேல் அறிவிப்பாளர் தமிழ் வரவில்லை. "இத்தினி நேரம் நான் சொன்னது எல்லாம் பொய். ஒருத்தரும் வரல. மாப்ள ஊட்டுக்காரங்க எழுந்துட்டாங்க. எங்க அக்கா மணையில உக்காந்துகினு கீது. வாங்க. எல்லாரும் வாங்க."

சொல்லி முடித்ததும் அழுதேன். அதுவும் கணீரென்று கடைத்தெருவுக்குப் போயிற்று.

முதலில் கோபால் ஓடிவந்தான். பின்னாலேயே கடைத்தெரு முழுதும் வந்தது. குழாய்ச் சத்தம் எட்டி, பூங்காவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். (போட்டியில் ஜெயித்தேன் என்றே சொல்ல வேண்டும்.) கடைத்தெருக்காரர்கள் எல்லோர் கையிலும் வேர்வையில் பிசுபிசுத்த அட்சதை. சம்பந்தி ஒரு பூக்காரரை நிறுத்தி, இந்தக் குடும்பத்துமேல் ஊருக்கு என்ன கோபம் என்று கேட்டார்.

"கோவமா? உள்ள எடம் இல்லைன்னு இந்த ஆளுதாங்க சொல்லிகினு இருந்தான்."

சம்பந்தி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தாலி ஏறியது. நான் அண்டா மறைவில் நின்று பார்த்தேன். மறுநாளே குழாயை இறக்கிவிட்டேன். நைனா தீபாவளிவரை என்னோடு பேசவில்லை. பேசாதது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கு ஆள் குறைந்தாலும், யாராவது என் பக்கம் திரும்பி, "கூட்டம் அலைமோதுது" என்பார்கள். அத்தான் இதைச் சொல்லாத கல்யாணம் கிடையாது. நானும் சிரித்துவைப்பேன். அக்கா மட்டும் சொன்னதில்லை.

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். திருமழிசையிலிருந்து அக்கா அவ்வப்போது பஸ் ஏறி வருகிறாள். வாசலில் நின்றபடி கேட்கிறாள்.

"கூட்டம் எப்டிடா?"

"பந்தல் காலிக்கா" என்பேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.