நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர் பலகை

அறுபது வயது ஆவதற்கு நாற்பத்தொரு நாள் இருக்கும்போது, அலைமேல் ஏறி நிற்பதென்று மில்லிமீட்டர் முடிவு செய்தார். அதுவும் வழுக்காமல் பிடிக்க அடியில் மீன்துடுப்புபோல் எதுவும் இல்லாத, பழங்கால மாதிரி மரப்பலகையில். அதுவும் தன் கையாலேயே செய்து!

நில அளவை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் நாடா பிடித்தவர். நாற்காலி போட்டால்கூடச் சுவருக்கு இணையாக நிற்க வேண்டும். தெரு வைத்த பெயர்தான் மில்லிமீட்டர்.

மனைவி தையல்காரி. ஹாலில் நெருக்கியடித்துக்கொண்டு தைக்கிறாள். வெளிச்சமான பின்னறையை இரண்டு வருடமாகக் கேட்கிறாள். அவரும் இரண்டு வருடமாக யோசிக்கிறார்.

"பின்னறையில பலகை செய்யப்போறேன்" என்றார்.

"செய்ங்க. ஆனா ஒரு பந்தயம். அந்தப் பலகைமேல பத்து எண்ற வரைக்கும் அலையில யாரு நிக்கிறாங்களோ, அறை அவங்களுக்கு."

"யாருன்னா? நீயும் போட்டியில இருக்கியா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க. எண்றது நீங்களே எண்ணுங்க. உங்கள மாதிரி பிசகாம யாரால எண்ண முடியும்?"

மனிதர் குளிர்ந்துபோனார். "சரி" என்றார்.

பலகையின் நீளம் ஏறுகிறவரின் உயரம். அகலம் அவருடைய தோளகலம். ஒரு பழைய புத்தகத்தில் படித்த கணக்கு. தன்னைத் தானே அளக்க முடியுமா? மனைவியின் கழுத்தில் எப்போதும் நாடா தொங்கும். சுவரோரம் போய் நின்றார்.

"நூத்தம்பத்தேழு. தோள் முப்பத்தேழு."

"என்னது! வேலையில சேர்ந்தப்ப நூத்தறுபத்தெட்டு இருந்தேனே!"

"அது உத்தியோக உயரம். இது பென்ஷன் உயரம்."

"பதினோரு சென்டியா குறையும்?"

"முதுகு வளைஞ்சு கிடக்கு. எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுமா? சந்தேகம்னா இன்னொருத்தியக் கூப்பிட்டு அளந்துக்குங்க."

ஊரார் நிலத்தையெல்லாம் மூன்று முறை அளந்தவர்தான். ஆனால் மனைவி அளந்ததைத் திரும்ப அளக்க எந்தக் கணவனுக்குத் துணிச்சல் உண்டு? எழுதிக்கொண்டார்.

வேலை தொடங்கியது. லேசான மரத்தில் இரண்டு துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினார். பதினெட்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தார். முன்முனையை வட்டமாக்கினார். பின்முனையைச் சதுரமாக வெட்டினார். அடிவயிற்றில் நான்கு மில்லிமீட்டர் குழிவு. ஏழு நாளில் ஏழு பூச்சு எண்ணெய். சாப்பிட்டதெல்லாம் நின்றபடிதான். மனைவி தினமும் விடியற்காலையில் 'நடந்துட்டு வரேன்' என்று போனாள். தலை நனைந்து திரும்பினாள். வெளியே மழை பெய்ததா என்றுகூட அவர் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க மரம்.

நாற்பத்தொன்றாம் நாள் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். அலைகள் இடுப்பளவு, சீராக வந்துகொண்டிருந்தன. அவருக்கு உடம்பெல்லாம் துள்ளியது.

முதல் அலை. குப்புற விழுந்தார். இரண்டாவதில் மல்லாந்து விழுந்தார். மூன்றாவதில் பலகை ஒரு பக்கம் வழுக்கியது, அவர் ஒரு பக்கம் வழுக்கினார். பதினோரு தடவை. ஒருமுறைகூட 'ஒன்று' சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

கரையில் காவல் நிற்கும் நீச்சல்காரன் ஓடி வந்தான்.

"ஐயா, பலகை உங்களுக்குச் சின்னதா இருக்கே!"

"அளவெடுத்துச் செஞ்சதுப்பா!"

அவன் அவரைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தான். "வாங்கக்கா! ஒரு மாசமா இரவல் பலகையிலயே ஏறினீங்க. சொந்தப் பலகை வந்தாச்சா?"

மில்லிமீட்டர் திரும்பினார். மனைவி தானே தைத்த நீச்சல் உடையில், முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குடுங்க இப்படி" என்று பலகையை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

ஓர் அலை எழும்பியது. அவள் எழுந்தாள். பலகை வால் வீசி நழுவியது. அவள் முழங்காலை மடக்கி, பலகையின் ஓரத்தை அலையின் சுவரில் அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது பலகை. ஆறு வாரம் இழைத்த மரம் ஓடுகிறது! அவர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு! குனி, குனி! நாலு!"

அறை நினைவே இல்லை. பத்தில் நிறுத்தவும் தோன்றவில்லை. தொண்டை கிழியப் பதினான்குவரை எண்ணி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அவள் சொட்டச் சொட்ட வந்தாள்.

"அந்த நூத்தம்பத்தேழு..."

"என் உயரங்க."

"ஏமாத்திட்டியே!"

"அளவுல பிசகு இருந்துச்சா, சொல்லுங்க."

பலகையைத் தடவிப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு மில்லி பிசகு இல்ல. என்னமா வழுக்குது, பாத்தியா! போகட்டும், அறையக் காலி பண்ண ஒரு மாசம் தவணை குடு. நூத்தறுபத்தெட்டுல எனக்கு ஒண்ணு செஞ்சுட்டுக் குடுத்துடறேன்."

"மொட்டை மாடியில வெச்சுச் செய்ங்க. கடைசிப் பூச்சு காயட்டும்னு நேத்து பலகையோட வெயில்ல உக்காந்திருந்தீங்களே, அப்பவே என் மிஷினைப் பின்னறையில போட்டு ரெண்டு சட்டை தைச்சாச்சு."