நாற்பது பாட்டிலும் பிரிட்லிங்டன் தூளும்

ஹாலிஃபாக்ஸ்,
20 மே 1978, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் சிரில் அவர்களுக்கு,

இங்கே நானும் உமது சகோதரி எட்னாவும் சுகம். பிரிட்லிங்டன் கடற்காற்று உமது முழங்கால் வலிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுதும்படி எட்னா அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறாள், ஆகவே கேட்கிறேன். உமது நாய்க்கும் என் விசாரிப்பு. மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாற்பது பாட்டில் பியர் நாசமாகிவிட்டது, அதற்கு நீர்தான் காரணம். சாதாரண நாற்பது பாட்டில் என்றால் சாக்கடையில் ஊற்றிவிட்டு உம்மை மனதுக்குள் திட்டியிருப்பேன், தபால் செலவாவது மிச்சமாகியிருக்கும். ஆனால் இது லோர்னாவின் கல்யாணத்துக்கென்று போட்டது. என் மகள் என்னோடு ஆறு வருடமாகப் பேசவில்லை என்பது உமக்குத் தெரியும். ஏன் பேசவில்லை என்பதை நீர் உமக்குத் தோதாகத்தான் ஞாபகம் வைத்திருப்பீர் என்பதால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நெவில் என்கிற பஸ் மெக்கானிக்கை முதல் முறையாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் இருவரையும் சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். முன்னறையில் உட்காரக்கூடாதா என்று கேட்டாள். எங்கள் தெருவில் எவன் வீட்டு முன்னறையும் கண்டபடி திறப்பதில்லை. பாதிரியார் வந்தால் திறப்போம், இல்லையென்றால் சவப்பெட்டியை வைப்பதற்குத் திறப்போம். அதுவும் அப்போதுதான் கம்பளம் புதிதாகப் போட்டிருந்தது. "அதை நல்ல நாளுக்குன்னு வெச்சிருக்கும்மா" என்றேன். "நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன், இது நல்ல நாள் இல்லையாப்பா?" என்று கேட்டாள். தேநீரைத் தொடாமல் இரண்டு பேரும் எழுந்து போனார்கள். இதில் நான் செய்த தப்பு என்ன என்று ஆறு வருடமாக எட்னாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாள்.

போன மார்ச்சில் லோர்னாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ஜூன் பதினேழு, பதிவு அலுவலகத்தில் கல்யாணம், அதே நெவில். அடியில் ஒரு வரி: "அப்பா, வரும்போது நீங்க போடுற பிரவுன் பியர் நாற்பது பாட்டில் கொண்டு வாங்க. கடையில வாங்கல." அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்ததில் மசி சட்டையில் இறங்கிவிட்டது. ஆறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அது.

இனி உமது திருவிளையாடல்களைப் பார்ப்போம். வீட்டில் பியர் போடுகிறவனுக்குப் பாதி உயிர் கழுவுவதிலேயே போகிறது. வாளி, குழாய், தக்கை, பாட்டில் என்று எதிலாவது ஒரு பொட்டு அழுக்கு தங்கினாலும் ஆறு வாரம் கழித்து வாயில் வினிகர்தான். இதற்கென்று கடைக்காரன் விற்கிற தூளோ மூக்குப்பொடி டப்பா அளவுக்கு ஒரு டப்பா, விலையைக் கேட்டால் உட்கார நாற்காலி வேண்டும். நீர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்துத் தரையைக் கழுவியவர். வீட்டில் பியர் போடுகிறவர்கள் மாதாமாதம் கூடுகிற எங்கள் பியர் வட்டத்தின் போட்டிக் கோப்பையை ஐந்து வருடமாக விடாமல் வாங்கிக்கொண்டிருப்பவர். ஊரைவிட்டுப் போன பிறகும் ரயில் ஏறி வந்து அதை வாங்கிக்கொண்டு போகிற அளவுக்கு ஆசை உள்ளவர். மலிவாகவும் நன்றாகவும் கழுவ என்ன வழி என்று உம்மிடம் கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜனவரியில் சலவைச் சோடா என்று எழுதினீர். அரை பென்ஸ் செலவில் காரியம் முடியும், வெந்நீரில் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைக்கவும் என்றீர். நான் பியருக்கு மால்ட் என்கிற முளைப்பார்லிச் சாறு காய்ச்சுகிற பாத்திரத்தில் சோடாவைக் கரைத்து, ஒரு மணி நேரத்தில் போகாத அழுக்கும் போகட்டும் என்று ஒரு நாள் முழுக்க விட்டேன். அது எட்னா பழக்கூழ் காய்ச்சுகிற பாத்திரமும்தான். உங்கள் அம்மா கொடுத்த அலுமினியப் பாத்திரம். மறுநாள் பார்த்தால் உள்ளே கரி பூசினாற்போலக் கறுத்துப் போயிருந்தது. "கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும், அலுமினியத்தில் படக்கூடாது" என்று நீர் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீராம். எட்னா பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக் காட்டினாள். "அண்ணன் தெளிவாத்தான் எழுதியிருக்கான், நீதான் 'அரை பென்ஸ்'ங்கிற இடத்தோட படிக்கிறதை நிறுத்திட்டே" என்றாள். முக்கியமான விஷயத்தை ஓரத்தில் எழுதுகிறவர் என்ன மனிதர் என்று கேட்கிறேன்.

பிப்ரவரியில் பிளீச் என்றீர். வாசனை இல்லாத சாதாரணச் சரக்கு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி, வேறு எதையும் அதோடு கலக்கக்கூடாது, பிறகு வாசம் போகும்வரை அலச வேண்டும். அந்த வாரம் பைன்மர வாசனை போட்டது தள்ளுபடியில் கிடைத்தது. வாசனைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லையே என்று வாங்கினேன். அலசினேன், ஒரு தடவை. தண்ணீர் சுடவைக்க எரிவாயு எரிகிறதே, அந்தக் கட்டணத்தை நீரா கட்டுவீர். மார்ச் மாதக் கூட்டத்தில், கூட்டுறவுச் சங்கத்து மாடியில், ஊரே பார்க்க அந்தப் பாட்டில் நடுவர் மேசைக்குப் போயிற்று. நடுவர் திருமதி ஓல்ராய்டை உமக்குத் தெரியும், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டால் டாக்டர் என்றே தன்னை நினைத்துக்கொள்கிற அம்மாள். கிளாஸை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டு போனார், குடிக்காமலே கீழே வைத்தார். "இங்க யாருக்காவது அடிகிடி பட்டிருக்கா? கட்டுப் போட்ட வாசம் அடிக்குதே" என்று கேட்டார். மொத்தக் கூடமும் சிரித்தது. அந்த மாதமும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பிரிட்லிங்டன் ரயிலைப் பிடித்த மகான் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தப் பிளீச் தெறித்து என் கொட்டகை மேலங்கி திட்டுத் திட்டாக வெளுத்துப்போக, அதைத் துவைக்கச் சந்தையில் உதிரிச் சலவைத் தூள் ஒரு பொட்டலம் வேறு வாங்க வேண்டியதாயிற்று. பாதி விலைக்குக் கிடைத்ததால் உம்மை அந்த ஒரு விஷயத்தில் மன்னிக்கிறேன்.

பிறகு பல்செட்டு கழுவுகிற மாத்திரை. இதை நீர் சொல்லவில்லைதான், ஆனால் பிராணவாயு விடுகிற சரக்கு எதுவும் காய்ந்த ஈஸ்டைப் பெயர்த்துவிடும் என்று எழுதி என் மூளையைக் கிளறிவிட்டது நீர். பாட்டிலுக்கு ஒரு மாத்திரை போட்டேன். பாட்டில்கள் கண்ணாடிக் கடையில் வைக்கிற மாதிரி ஆகிவிட்டன என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாரத்தில் மூன்று பெட்டி மாத்திரை காலி, கடைக்காரன் டப்பாவையே வாங்கியிருக்கலாம் என்கிற கணக்கு வந்தது. அதற்கப்புறம் சிக்கனம் பிடித்து என் சொந்தப் பல்செட்டுக்கு மாத்திரையை நிறுத்தினேன். "பாட்டில் எல்லாம் பளிச்சுன்னு சிரிக்குது. நீ சிரிச்சாத்தான் வில்ஃப், பயமா இருக்கு" என்றாள் உமது சகோதரி. இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற ஆறுதல் இதுதான்.

ஏப்ரல் முதல் வாரம் உமது பார்சல் வந்தது. பழுப்புக் காகிதப் பொட்டலம். உமது அண்டை வீட்டுப் பால்பண்ணைக்காரர் பால் பாத்திரம் கழுவுகிற தூளாம், மூட்டையாக வாங்குவதால் கொள்ளை மலிவாம், வாசனை கிடையாதாம், நுரை வராதாம், பாட்டிலுக்குள் ஒரு சுவடும் தங்காதாம். "லோர்னா கல்யாணத்துக்கு இதைப் போட்டுக் கழுவவும், வேறு எதையும் தொட வேண்டாம்" என்று சீட்டில் அடிக்கோடு போட்டிருந்தீர். உத்தரவு போடுவதில் பள்ளிக்கூடக் காவலாளிப் புத்தி எங்கே போகும். சரி, மகள் காரியம், உமக்கும் மருமகள் முறைதானே, இந்த ஒரு தடவை மனிதன் நல்லது நினைத்திருப்பான் என்று அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, வாளியில் கரண்டி கரண்டியாகப் போட்டு, நாற்பது பாட்டிலையும் கழுவினேன். நுரை வராது என்று எழுதியிருந்தீர். வந்தது. வாளியைத் தாண்டி, கொட்டகை வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தி வரைக்கும் போயிற்று. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மைத்துனர் வார்த்தையை நம்பி, நாற்பதிலும் பியரை ஊற்றி மூடினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டிலைத் திறந்தேன். ஊற்றினால் மேலே ஒரு குமிழிகூட நிற்கவில்லை. ஆறிப்போன தேநீர் மாதிரி கிளாஸில் கிடந்தது. வாசனையோ லாவெண்டர். எட்னா ஒரு மடக்குக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "துணி அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கு, வில்ஃப்" என்றாள். இன்னொன்றைத் திறந்தேன், இன்னொன்றைத் திறந்தேன், ஒன்பது பாட்டில் திறந்தேன். ஒன்பதும் துணி அலமாரி. நான் தெரியாமல்தான் கேட்கிறேன், பிரிட்லிங்டன் பசுக்கள் லாவெண்டர் தண்ணீரிலா குளிக்கின்றன? உங்கள் ஊரில் குழந்தைகள் அந்தப் பாலையா குடிக்கின்றன?

கோபம் பியருக்காக இல்லை, சிரில். கல்யாணத்தன்று அவள் கிளாஸைத் தூக்கிக் குடிப்பாள், முகம் மாறும், மிச்சத்தோடு கீழே வைப்பாள். வட்டத்து நடுவருக்குப் போட்டிக்கு அனுப்பும்போது அப்பா எத்தனை பார்த்துப் பார்த்துச் செய்கிறார், எனக்குச் சோப்புத் தண்ணீர் போதும் என்று நினைத்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வாள். இதுவும் சமையலறைத் தேநீர்தான் என்று நினைப்பாள். இன்னொரு ஆறு வருடம் காத்திருக்க எனக்கு வயது இல்லை. வெறுங்கையோடு போகவும் முகமில்லை. இந்த நிலைமையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர் நீர், அதுவும் வேண்டுமென்றே செய்தீர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோப்பை போதாமல் என் மகளிடமும் நல்ல பெயரை நீரே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர். "சிரில் மாமா போட்ட பியர் மாதிரி வராது" என்று அவள் சின்ன வயதில் சொன்னதை இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறீர் போலும். நான் மறக்கவில்லை.

ஆகவே உமது தூளில் மிச்சமிருப்பதைச் சாட்சிப் பொருளாக இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பால்பண்ணைக்காரரிடம் காட்டி விளக்கம் கேட்கவும். கல்யாணத்தில் என் மேசையில் உட்கார வேண்டாம். உமது யோசனைகள் இனி எதற்கும் எனக்குத் தேவையில்லை, என் பிணத்தைக் கழுவுவதற்கும் தேவையில்லை.

ஆண்டவர் உமக்கு நீண்ட ஆயுளையும், தெளிவான கையெழுத்தையும், அலசிக் கழுவிய மனசாட்சியையும் அருள்வாராக. நாயைத் தடவிக்கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சகோதரியின் கணவன்,
வில்ஃபிரட் சக்டன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை முடித்துவிட்டு, சாட்சிப் பொருளைக் கட்டலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அலமாரியில் இரண்டு பழுப்புப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்று பாதிக்கு மேல் காலி. சந்தையில் வாங்கியது, முகர்ந்து பார்த்தேன், லாவெண்டர். மற்றது அதன் பின்னால் இருந்தது. நீங்கள் போட்ட சணல் முடிச்சு அப்படியே இருக்கிறது, சிரில். யாரும் அவிழ்க்கவில்லை.

இப்போது எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. பார்சல் வந்த அன்று சீட்டைப் படித்தேன். இத்தனை நல்ல தூளைப் போயும் போயும் பாட்டில் கழுவவா என்று தோன்றியது. நல்ல காரியத்துக்கு இருக்கட்டும் என்று நானேதான் பின்னால் எடுத்து வைத்தேன்.

எட்னாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, பாத்திரம் தேய்க்கவும் போகவில்லை. "இதைவிட நல்ல காரியம் எது வரும்னு எடுத்து வெச்சே?" என்று மட்டும் கேட்டாள். லோர்னா கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான், எனக்கு ஆறு வருடம் கழித்துத்தான் காதில் விழுந்தது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம், முழுசா அனுப்பு. எழுதினது எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அவனுக்குத் தெரியணும்" என்று உறையை அவளே பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

உங்கள் நிலவறையில் எந்நேரமும் அறுபது பாட்டிலாவது பிரவுன் பியர் இருக்கும் என்று எட்னா சொல்கிறாள். நாற்பது வேண்டும். ஜூன் பதினேழுக்கு முன்னால், உங்கள் கையால் கழுவிய பாட்டிலில், உங்கள் பெயர் எழுதிய லேபிளோடு. என் பெயரைப் போட வேண்டாம்; நான் போட்டது கெட்டுவிட்டது என்று லோர்னாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், எப்படிக் கெட்டது என்பதையும் சேர்த்து. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு அவளையும் நெவிலையும் தேநீருக்கு வரச் சொல்லி எட்னா தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். முன்னறைச் சாவியை அவள் என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுக்கிறது. துருவுக்கு மலிவாக என்ன போடலாம் என்று பதில் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினாலும் படிக்கிறேன்.